மகமை அன்று, மகிமை

இன்று காலை திண்டிவனம் மண்டி வழியாக நடந்தேன். மல்லாட்டைக் கடலையின் மண்வாசம் தெருவரை வந்தது. எடை போடுகிறவர் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, கோயிலுக்கென்று ஒரு கை அள்ளிக் கூடையில் போட்டு, "மகமை" என்றார். நான் தலை குனிந்து நடந்தேன். நீ உடன் வந்திருந்தால் உரக்கச் சிரித்திருப்பாய்.

ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து என் மனைவியாக வந்த புதிதில், சபையில் நான் உபதேசியாராக நின்று "தேவ மகிமை" என்று சொன்னதையெல்லாம் நீ மகமை என்றே கேட்டிருந்தாய். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாய்:

"ஏங்க, சாமி நம்ம மாதிரி கூலிக்காரங்க மூட்டையிலயும் மகமைக்குக் கை வைப்பாரா? மண்டிக்காரரு மூட்டை அம்மாம் பெருசா இருக்குதே, அது கண்ணுக்குத் தெரியலியா?"

நான் சிரித்து ஓய்ந்தபின் விளக்கினேன். மகிமை நம்மிடமிருந்து எடுப்பதன்று. அது அவருக்கே உரிய பெருமை. எபிரேய மூலத்தில் அச்சொல்லுக்குக் கனம், பாரம் என்னும் பொருள் உண்டு.

"அப்போ எடுக்கிறது இல்ல, ஏத்துறதா?" என்றாய். ஆம் என்றேன். நீயும் உன் தப்பை நினைத்துச் சிரித்தாய்.

யுத்த காலத்தில் நம் சின்னவன் காய்ச்சலில் விழுந்தான். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, ரயிலடியில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய நம் ஊர் மாட்டுவண்டியில் ஏறினோம். விக்கிரவாண்டி தாண்டியதும் பாதை குண்டும் குழியுமாயிற்று.

"கெட்டியாப் புடிச்சிக்கம்மா. வெறும் வண்டி, தூக்கித் தூக்கிப் போடும். மூட்டை இருந்தா இந்த ஆட்டம் ஆடாது" என்றார் வண்டிக்காரர்.

அந்த ஆட்டத்தினிடையே நான் வாய் திறந்தேன். "நீ அன்னிக்குக் கேட்டதுதான் சரி. மகமைதான் அது. நம்ம மூட்டையில கை வச்சிட்டாரு."

அழுதுகொண்டிருந்த நீ சட்டென்று திரும்பினாய். "ஏன் அப்பிடிப் பேசுறீங்க? நான் தெரியாம சொன்னதை, தெரிஞ்ச நீங்க சொல்றீங்களா? புள்ளைய எடுத்துக்கினு போனது காய்ச்சலு. அவரு கனம்னு நீங்கதான சொன்னீங்க? அந்தக் கனம் உள்ள இல்லன்னா நானும் இந்த வண்டி மாதிரி லொடலொடன்னு ஆடிக்கினு கெடப்பேன்."

பிறகு, நான் ஜெபத்தை முடிக்கும் அதே சொற்களை, "மகிமை உமக்கே" என்பதை, விம்மலுக்கு நடுவே சொன்னாய். நான் உன்னோடு சேர்ந்து சொல்லவில்லை.

வேதமும் செய்யுளும் என் நாவில் நிறைந்திருந்தன. ஆயினும் துன்பம் வந்தபோது, என் இழப்பைத் தராசாக்கி ஆண்டவரை நிறுத்தேன். அவர் எடை குறைந்து தெரிந்தார். நீயோ பிள்ளை போன பின்னும் அவர் சிறுத்துவிடவில்லை என்று கண்டாய். அந்தக் காட்சியே உன்னை நிலைநிறுத்தியது.

வெட்கம் அத்தோடு முடியவில்லை. உன்னை அடக்கம் செய்த நாள்முதல், ஜெபத்தின் இறுதியில் அவ்விரு சொற்களை விட்டுவிட்டு, ஆமென் என்று அவசரமாக உட்கார்ந்துவிடுகிறேன். போன ஞாயிறு உன் தோழி சபை வாசலில் மறித்தாள்.

"இன்னா உபதேசியாரே, கடைசி வார்த்தைய முழுங்கிக்கினே போறீங்க? பசியா? அவ இருந்தா வுடுவாளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இன்று மாலை, ஒருவருமில்லாத நம் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு அவ்விரு சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது. மறுபடி தொடங்கி, முகத்தை மூடிக்கொண்டு, சொல்லி முடித்தேன்.

நாளை ஞாயிறு. சபையின் முன் சொல்ல வேண்டும். தலை நிமிர்ந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. குனிந்த தலையோடாவது சொல்லும் அளவுக்கு, அந்தக் கனத்தில் ஒரு பங்கை என்னுள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.