துரை மேஜைக்காக இடித்த சுவர்

1942 ஜூன் 15, திங்கள். திருத்தணி.

ஜப்பான் குண்டு பயம் ஓய்ந்ததாம். ஆபீஸை மறுபடியும் மெட்ராஸுக்கே மாற்றச் சொல்லி இன்று தந்தி வந்துவிட்டது. இந்த இரண்டு மாதத்துக்காகவா அக்கா வீட்டை ஆபீஸாக்கினேன்? எங்கள் ஆபீஸ் வெள்ளைக்காரத் துரையின் மேஜைக்கு இடம் போதவில்லையென்று அடுப்பங்கரைச் சுவரை இடிக்கச் சொன்னதும் நான்தான். அக்கா புருஷன் பாவாவே கடப்பாரையை எடுத்தார். அன்றிலிருந்து அக்கா மாட்டுக் கொட்டகையில் சமைக்கிறாள்.

சாயங்காலம் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாத்தையும் தூக்கிகினு போறீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அந்தத் தொர மேஜைய மட்டும் உட்டுட்டுப் போடா தம்பி. அதுமேலயே அடுப்ப வெச்சி சமைச்சிக்கறேன்" என்று சிரித்தாள். பாவா சிரிக்கவில்லை.

சுவரைத் திரும்பக் கட்டித் தரும்படி துரையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. லாரியில் ஏற்றும் சாமான்களுக்கு ஜாபிதா எழுதி முடித்தேன். முதல் வரியே அந்த மேஜைதான்.