அக்காவின் ரத்தம் சொன்ன சேதி

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எழுதியதில்லை. எதிர்வீட்டில் இருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இப்போது எழுதக் காரணம், உங்களுக்கு வந்த அதே பக்கவாதம் வசந்தா அக்காவுக்கும் வந்தது. மேலே வாசலில் போய் நின்று பார்க்காதீர்கள், அவள் அங்கே வரவில்லை.

போன மாதம் திருவெறும்பூர் வீட்டில் காபி டம்ளர் அவள் இடது கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது. உங்களுக்கு நடந்ததைப் பார்த்த வீடு என்பதால் யாரும் கை காலைத் தேய்த்துக்கொண்டு உட்காரவில்லை, நேராக ஆஸ்பத்திரிதான். மறுநாள் காலை அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். சட்னி சரியில்லை என்றாள். "வீட்டுக்குப் போலாம்டா. ஊறப்போட்ட துணி அப்படியே கிடக்கு."

உங்கள் கதையும் இப்படித்தானே தொடங்கியது? பார்க்க வந்தவர்களுக்கு நீங்களே ஆரஞ்சு உரித்துக் கொடுத்தீர்கள். அன்று ஸ்ரீரங்கத்துப் பெரியம்மா வீட்டில் பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. தாயார் படத்துக்கு முன்னால் பெரியம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தது, ஆபத்து இல்லை என்று அர்த்தம். சேதி கேட்டு நீங்கள்கூடச் சிரித்தீர்கள். அன்று மாலையே மூளை வீங்கத் தொடங்கிவிட்டது, அப்புறம் நீங்கள் வீடு திரும்பவில்லை.

அக்காவுக்கும் பெரியம்மா பூவோடு வந்துவிட்டார். டாக்டரம்மா அதற்குள் ரத்தம் எடுத்திருந்தார். அடிபட்ட மூளையிலிருந்து ரத்தத்தில் கசியும் ஒரு புரதமாம். அது அதிகமாக இருந்தால் நிலைமை மோசமாக வாய்ப்புண்டு. குறைந்துகொண்டே வந்தால் தேறுவதற்கான அடையாளம்.

"இது ஜோசியம் இல்லீங்க. இன்னும் ஆராய்ச்சியாத்தான் நடக்குது. ஸ்கேனோட சேர்த்துதான் பார்க்கணும். ஆனா இவங்களுக்கு அதிகமா இருக்கு. இப்ப அனுப்ப மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

"நல்லாத்தானே உட்கார்ந்திருக்கா? ரத்தத்துக்கு என்ன தெரியும்?" என்றார் பெரியம்மா.

அந்த இடத்தில்தான் நீங்கள் கைகொடுத்தீர்கள். ஆலையில் பாய்லர் குழாய் வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது உங்கள் வேலை. "வெளியில பளபளன்னு இருக்கிற வெல்டிங்கைத்தான் நான் நம்ப மாட்டேன்" என்று கல்யாண வீட்டில்கூடச் சொல்வீர்கள். மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னதில்தான் சிக்கல். அதை அக்காவுக்கு நினைவுபடுத்தினேன். துணிப் பேச்சை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மதியம் அவள் பேச்சு குழறியது, அவளுக்கும் மூளை வீங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர்கள் காத்திருந்தவர்கள்போல வந்தார்கள். உண்மையில் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே வீக்கம் வடிந்தது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் அந்தப் புரதமும் இறங்கியது. இப்போதெல்லாம் பெரியம்மா, "ரத்தத்துல என்ன வந்திருக்கு?" என்று போனில் கேட்கிறார். பூவைப் பற்றிப் பேச்சே இல்லை.

நேற்று அக்கா ஸ்பாஞ்சுப் பந்தை அழுத்திப் பழகிக்கொண்டே, வார்த்தைகளை இழுத்து இழுத்துச் சொன்னாள்: "அன்னிக்கு அவருக்குப் பொட்டலம் கட்டினது நான்தான்டா. ரெண்டுலயும் வெள்ளைதான் வச்சேன். சிவப்பு வந்தா அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

உங்களுக்குத் தெரியுமா அத்தான்? தெரிந்துதான் சிரித்தீர்களா?

பந்து கீழே உருண்டது. எடுத்துக் கொடுத்தேன்.

"எனக்கு அப்படிக் கட்டிடாதே. வந்ததைச் சொல்லிடு" என்றாள்.

சொல்லிவிடுவேன், அத்தான். அடுத்த வாரம் மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும், உள்ளதை உள்ளபடி அவளுக்குப் படித்துக் காட்டுவேன். இறங்கியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்று காலையும் சட்னி சரியில்லை என்றாள். இந்த முறை கிண்ணத்தை இடது கையால் தள்ளிவிட்டாள்.

உங்கள் எதிர்வீட்டு மச்சினன்,
முரளி