பருப்புக் கிண்ணத்துக் கல்

ஸ்ரீ துர்கா துணை

ராணாகாட்,
ஞாயிறு

அன்புள்ள துஹின்,

நீயும் மருமகளும் புனேயில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் அப்பாவின் சிறுநீரகக் கல் விழுந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை காலை குளியலறையிலிருந்து போரில் ஜெயித்தவர் மாதிரி வந்தார், ஹோமியோபதி மாத்திரைச் சீசாவுக்குள் ஒரு கல். எதிர்வீட்டுக்காரர் தத்தா வரைக்கும் காட்டியாயிற்று, பதினாலாம் தேதி ஆபரேஷனும் வேண்டாமென்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டார். அப்படியானால் இன்னும் ஏன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே படி ஏறுகிறார்? எனக்கு முதலில் சந்தேகம் சாதன் டாக்டர் மேல்தான். பச்சை வெங்காயம் கூடாது, கற்பூரம் கூடாது என்று மூன்று மாதமாகச் சர்க்கரை உருண்டை கொடுப்பவர். அவர் அலமாரியில் நோயாளிகளின் கற்கள் பெயர் ஒட்டிய சீசாக்களில் வரிசையாக இருக்கும், உன் அப்பா அதையே ஏக்கமாகப் பார்ப்பார். சண்டை போடத்தான் போனேன். அவரோ பதறிப்போய், ஐயோ அண்ணி, இவ்ளோ பெரிய கல்லு என் மருந்துக்கு அசையாது, சிறுநீரகம் வீங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணிக்கோங்கன்னு ரெண்டு தடவை சொன்னேனே, உங்ககிட்ட சொல்லலையா என்றார்.

வீட்டுக்கு வந்து சீசாவை வெளிச்சத்தில் பார்த்தேன். முப்பத்தாறு வருஷமாக மசூர் பருப்பில் கல் பொறுக்குகிறவளுக்குத் தெரியாதா? நான் பொறுக்கிப் போடும் கிண்ணத்திலிருந்து எடுத்திருக்கிறார் இந்த மனுஷர். கேட்டால் ஊரைக் கூட்டுவார். அதனால் இன்று பருப்பைப் பொறுக்காமலே வேகவைத்தேன். பல்லில் மணல் பட்டாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறவர். கடக்கென்று எனக்கே கேட்டது. வாயைத் திறக்கவில்லை, தலையைக் குனிந்து விழுங்கிவிட்டார். உன் பெரியப்பா மயக்க ஊசி போட்டபின் கண் விழிக்காதது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கோபமெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் பேசி அதே தேதியைத் திரும்ப வாங்கிவிட்டேன், அவருக்குத் தெரியாது. பன்னிரண்டாம் தேதியே வந்துவிடு. நீயும் தண்ணீர் நிறையக் குடி, இது தகப்பன் வழியில் வருமாம். இருவருக்கும் என் ஆசீர்வாதம். வந்ததும் சீசாவைக் காட்டுவார், அடேயப்பா என்று ஆச்சரியப்படு. அப்புறம் கையைப் பிடித்துக் கூட்டிப் போ, ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் விடாதே.

உன் அம்மா,
மஞ்சுளிகா