கருப்பையா பெட்டியின் மூடி

அக். 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று.

மூன்றாம் பீரியட், ஒன்பதாம் வகுப்பு. மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கப்பலின் மேல்தளம் வரைந்தோம். ஆளுக்கு ஒரு பாய் அகலம். முப்பத்திரண்டு பேரையும் அதற்குள் படுக்கச் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்தில் டெக் டிக்கெட்டில் பர்மா போனவர்களுக்கு இவ்வளவுதான் இடம், வெயில் மழை எல்லாம் தலைமேல் என்றேன். கொஞ்ச நேரம் சிரிப்பு, கிள்ளல். பிறகு ஒரு குரல்: "டீச்சர், ஒண்ணுக்கு எங்குட்டுப் போவாக?" நல்ல கேள்வி. புத்தகத்தில் இல்லை. எனக்கும் தெரியவில்லை.

கடலை நேரில் பார்த்தவர்கள்: 9 பேர்.

15ஆம் தேதி கமிட்டி வருகிறது. எங்கள் கடல் வரலாற்று அறை இருக்கட்டுமா, ஸ்மார்ட் கிளாஸ் ஆகட்டுமா என்று சொல்லப்போகிறார்கள். தலைமை ஆசிரியர் இப்போதே அறையை அளந்துவிட்டார், டேப் வைத்து.

அறையில் உள்ளவை: பீங்கான் சாடி 2, எனாமல் தூக்கு 5, பித்தளைப் பூட்டு, கப்பல் பாதை வரைபடம் (பிள்ளைகள் போட்டது). சாமான் எல்லாம் பர்மா போய்ச் சம்பாதித்த முதலாளிகளின் பெரிய வீடுகளில் கேட்டு வாங்கியவை. ஒரு மரப்பெட்டி மட்டும் அப்படி இல்லை. அது ஒன்பதாம் வகுப்பு முத்துமாரி வீட்டுப் பெட்டி, ஊர் அமராவதிபுதூர். அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அந்த அம்மாவின் தாத்தா கருப்பையா, முதலாளி வீட்டுச் சமையல் ஆளாகக் கப்பலேறியவர். மூடியில் கறுப்பு மையில் மூன்று வரி. பெயர், ஊர், அப்புறம் ஆங்கிலத்தில் ஏதோ. பாதி மங்கிவிட்டது.

போன முதலாளிகள் பெயர் இங்கே வாசலுக்கு வாசல் இருக்கிறது. கூடப் போன வேலைக்காரர் ஒருவரின் பெயரை நான் பார்த்தது இந்த மூடிப் பலகையில் மட்டும்தான். கமிட்டியிடம் காட்டவும் வேறு எதுவும் இல்லை.

அக். 9, புதன்

வானம் திங்கள்கிழமை மாதிரியே.

பட்டர் பேப்பர் நான்கு வாங்கி வைத்திருந்தேன். மூடி எழுத்தைப் பிள்ளைகள் படியெடுத்து, மூன்றாவது வரி ஊரா கப்பலா என்று அவர்களே கண்டுபிடிப்பதாகத் திட்டம். கணக்கு சார் வாசலில் வந்து நின்றார். "ஒரே ஒரு பீரியட் மேடம். போர்ஷன் பாக்கி." கொடுத்துவிட்டேன். இல்லை என்று சொல்ல இந்த வாய்க்கு என்றைக்குத்தான் வரும்?

திங்கள் செய்துகொள்ளலாம்.

வாங்க: பொரி, கடலை, சந்தனம். போன் சார்ஜர்.

அக். 10, வியாழன்

சிவகங்கையில் பயிற்சி வகுப்பு. மின்விசிறி இரண்டு, ஓடியது ஒன்று. மதியம் த.ஆ. போன். "நாளைக்கு ஆயுத பூஜை லீவு, இன்னைக்கே சாமி கும்பிட்டுருவோம். எல்லா ரூமையும் சுத்தம் பண்ணச் சொல்லிட்டேன், உங்க ரூமும்தான்." சரிங்க சார் என்றேன். நன்றிகூடச் சொன்னேன்.

அக். 14, திங்கள்

தூறல்.

அறையைத் திறந்தேன். ஒன்பதாம் வகுப்பு முழுக்கப் பின்னால் நின்றது. "சர்ப்ரைஸ் டீச்சர்!"

தூக்கு பளபள. பூட்டுப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாய். பெட்டி பிரவுன் பெயின்ட். மூடியில் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். பெஞ்சுக்கு அடித்த பெயின்டில் மிச்சமாம்.

"எழுத்து எங்கே?" என்றேன்.

முத்துமாரிதான் முன்னால் வந்தாள். "உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சுட்டுத்தான் டீச்சர் அடிச்சோம். மூடிய நான் ஒருத்தியே தேச்சேன். மத்ததெல்லாம் பளிச்சுன்னு இருக்கு, எங்க பெட்டி மட்டும் அழுக்கா இருந்தா கமிட்டிக்காரவுக என்ன நினைப்பாக?"

பூஜை என்றால் தேய்ப்பார்கள், துடைப்பார்கள், பொட்டு வைப்பார்கள். நானும் வெள்ளிக்கிழமை வீட்டில் அதைத்தான் செய்தேன். அந்த எழுத்தைத் தேய்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

போனில் தேடினேன். பெட்டியோடு ஒரே படம். முன்னால் பத்துப் பேர் விரலை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மூடி தெரியவில்லை.

திட்டவில்லை. அழகாக இருக்கிறது என்றேன். பிறகு ஸ்டாஃப் ரூம் பாத்ரூமில் அழுதேன்.

அக். 15, செவ்வாய்

காலையில் த.ஆ. "இதுக்குப் போயி கவலைப்படுறீகளே மேடம். பெயின்ட் இருக்கு, பிரஷ் இருக்கு. திரும்ப எழுதிப்புட்டாப் போச்சு." அது பொய்யாகிவிடும் சார் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

கமிட்டி, மூன்று பேர். ஏழு நிமிடம். ஒருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "புதுசா செஞ்சீங்களா? நல்லா இருக்கு." நடந்ததைச் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே "அச்சச்சோ" என்றார்.

வடை, காபி. ஸ்மார்ட் கிளாஸ்தான்.

அக். 17, வியாழன்

அறை காலி. தூக்கு, சாடி, பூட்டு அந்தந்த வீட்டுக்கு. பூட்டியிருந்த இரண்டு வீடுகளில் வாட்ச்மேனிடம்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் பெட்டியோடு அமராவதிபுதூர். முத்துமாரியும் கூட. வழியெல்லாம் பெட்டியைப் பார்க்காமல் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். யாரோ அவளிடம் அந்த எழுத்தின் அருமையைச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். "அடியாத்தி, புதுசாட்டம் இருக்கே!" பிறகு மூடியைத் தடவிப் பார்த்தார்.

"தாத்தா பேரு எங்க டீச்சர்?"

சொன்னேன். பிள்ளைகள் மேல் போடவில்லை, என் தப்பு என்றேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. பாத்துப் பாத்துக் கண்ணுக்குப் பழக்கம், அம்புட்டுத்தான். நீங்க படிச்சவுக, அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியும்ல? நீங்களே எழுதிக் குடுத்துருங்க."

முத்துமாரி பையிலிருந்து மார்க்கரை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கருப்பையா. கீழே அமராவதிபுதூர். மார்க்கரை மூடப்போனேன்.

"இன்னொரு வரி இருந்துச்சே டீச்சர்?"

முத்துமாரி தலை நிமிரவில்லை. ஆங்கிலத்தில் ரங்கூன் என்று எழுதினேன்.

அந்த அம்மா விரல் வைத்து எண்ணினார். "மூணு. சரியா இருக்கு."