வருகிறவர்களுக்குத் தெரியும்

மார்ச் 4, செவ்வாய்

அறையில் தெளிக்கும் வாசனைத் திரவத்துக்கு விளம்பரம். மல்லிகை, எலுமிச்சை என்று நான் எழுதிக்கொண்டு போனதை மேலாளர் ஓரமாகத் தள்ளினார். “மணக்கும்னு சொன்னா எவன் வாங்குவான்? நம்ம வீடு நாறுதோன்னு ஒரு சந்தேகம் வரணும். அந்தச் சந்தேகத்துக்குத்தான் பாட்டில்.”

மதியத்துக்குள் எழுதிக் கொடுத்தேன்: ‘உங்கள் வீட்டு வாடை உங்களுக்குத் தெரியாது. வருகிறவர்களுக்குத் தெரியும்.’

வாசித்துவிட்டு, மேலாளர் தன் சட்டையைத் தானே மோந்து பார்த்துக்கொண்டார். இது ஓடும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

படப்பிடிப்பு. தோழி வீட்டுக்குள் நுழைகிறாள், ஒரு கணம் தயங்குகிறாள், பிறகு சிரிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. டைரக்டருக்குத் தயக்கம் போதவில்லை. “மூக்கைச் சுளிக்காதீங்கம்மா. சுளிக்கணும்னு தோணுது, மரியாதைக்கு அடக்கிக்கறீங்க. அதான் வேணும்.”

கடைசியில் பிரமாதமாகச் செய்தாள். வீட்டுக்காரியாக நடித்தவளின் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. டைரக்டருக்குப் பரம சந்தோஷம்.

ஏப்ரல் 9, புதன்

கடைகளில் சரக்கு தீர்ந்துவிட்டதாம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் பக்கவாதத்தில் படுத்த பிறகும், ஞாயிறு மாலையானால் அவருடைய பழைய சீட்டுக்கூட்டம் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிடும். இடதுகையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவரும் ஆடுவார். இன்று ஒருவரும் இல்லை.

மணி அடித்தது. கூட்டத்தில் மூத்தவரான டிரைவர் அண்ணனின் குரல். அத்தான் தலையைத் திருப்பி வாசலையே பார்த்தார். அக்கா கதவைப் பாதி திறந்து, “தூங்கறாருண்ணா” என்று அனுப்பிவிட்டாள்.

அலமாரியின் மேல் எங்கள் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

“ஏன்க்கா இப்படி?”

“படுக்கையிலயே எல்லாம் நடக்கற வீடு. எனக்குப் பழகிப்போச்சு, தெரியறதில்ல. வர்றவங்களுக்குத் தெரியும்ல?”

என் வரி.

“அது விளம்பரம்க்கா.”

“நீதானே எழுதின? இங்க வந்துட்டுப் போய்த்தானே எழுதின?”

இல்லை என்றேன். விரிப்பு மாற்ற உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

இல்லைதானே? — அவ வீட்டை நினைக்கவே இல்ல. நினைச்சிருந்தா எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேனோ என்னவோ.

ஏப்ரல் 26, சனி

டிரைவர் அண்ணனைத் தேடிப் போனேன். கோபமாக இருந்தார். “வர வேண்டாம்னா நேரா சொல்லலாமே. சாயங்கால நேரத்துல தூங்கறாராம்!”

காரணத்தைச் சொன்னேன். அந்த விளம்பரம் நான் எழுதியது என்பதையும் சொன்னேன்.

“காலமெல்லாம் டீசல் புகையில உட்கார்ந்தவன்மா. எனக்கேது மூக்கு?” என்றார். பிறகு குரலைத் தணித்து, “வாடை இருக்குதான். இல்லைன்னா பொய். அதுக்காக ஆளை விட்டுட முடியுமா?”

ஏப்ரல் 27, ஞாயிறு

அக்கா போனில் திட்டினாள். கதவு பாதி திறந்ததுமே டிரைவர் அண்ணன் உள்ளே நுழைந்துவிட்டாராம். “நேரா போய்க் கட்டில்லயே உட்கார்ந்து சீட்டைக் கலைக்கறார்டி. வீடு கூடப் பெருக்கல. எல்லாம் உன் வேலைதானே?”

ஆமாம் என்றேன். அதன் பிறகும் வெகுநேரம் திட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 6, செவ்வாய்

இரண்டாவது விளம்பரம் வேண்டுமாம். “படுக்கையில நோயாளி இருக்கற வீடு. இன்னும் ஆழமா இறங்கலாம்,” என்றார் மேலாளர்.

எழுத மாட்டேன் என்றேன்.

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

பக்கத்து மேசைக்காரர் எழுதிக் கொடுத்தார். நன்றாகவே எழுதியிருக்கிறார். என்னைத் தண்ணீர்க்குழாய் விளம்பரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மே 18, ஞாயிறு

செருப்பை மாட்டும்போது அக்காவின் போன். பின்னால் ஒரே இரைச்சல். யாரோ சீட்டை ஒளித்துவிட்டதாக யாரோ கத்துகிறார்கள். நடுவில் அத்தானின் குழறலான சிரிப்பு.

“இன்னைக்கு வராதடி,” என்றாள். “உட்கார இடமில்ல.”