இங்கு க்ஷேமம் என்று எழுதவில்லை

பொழிச்சலூர்,
16-5-1993, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரமாவின் நமஸ்காரங்கள். குழந்தைகளுக்கும் மன்னிக்கும் என் அன்பு. நீ டெல்லிக்குப் போன நாளிலிருந்து "இங்கு அனைவரும் க்ஷேமம்" என்று தொடங்கித்தான் உனக்கு எழுதி வருகிறேன். இந்தத் தடவை அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நம் தம்பி கிட்டு வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள், கலர் டிவி பார்க்கிறார்கள். ஆனாலும் எழுத வரவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நாட்டின் நலத்தை வருமானத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது, வேறு அளவுகோல் வேண்டும் என்று குழு போட்டிருக்கிறார்கள், அதில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் அளக்கப் போகிறேன். சாதாரணக் குடும்பத்துக்கு நலம் என்றால் என்ன, தோன்றியதை நாலு வரி எழுது, கூட்டத்தில் படிக்கிறேன் என்று கேட்டிருந்தாய்.

கிட்டு உனக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிய பத்திரமும் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அப்பாவின் வீட்டை பாங்கில் அடமானம் வைத்து, தோட்டத்தில் இரண்டாவது போர்வெல் போட வேண்டுமாம். முதல் போரை விட இரண்டு மடங்கு ஆழம். உன் கையெழுத்து வந்தால் மறு வாரமே மிஷின் இறங்கிவிடும் என்கிறான். போடாதே, அண்ணா. நான் எழுதப் போகும் நாலு வரியும் அதைப் பற்றித்தான். கூட்டத்தில் படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம்.

கிட்டுவைக் கரித்துக் கொட்டுவதற்காக எழுதவில்லை. அவன் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிய பிறகு அவன் மூஞ்சியைப் பார்க்க முடியாமல்தான் முதல் போருக்கு நானும் தலையாட்டினேன். கொஞ்ச நாளிலேயே தண்ணீர் லாரிக்காரர்கள் வந்து பேசினார்கள். இப்போது விடிந்தால் லாரி, அது போனால் இன்னொரு லாரி. மோட்டார் சத்தத்தில் வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே கேட்பதில்லை. அந்தக் காசில் வந்த அரிசியை நானும்தான் சாப்பிடுகிறேன். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் அடைத்துத்தான் கிடந்தது.

நம் கிணறு வற்றிவிட்டது. போன கோடையில் வாளி தரையில் மோதியது, இந்தக் கோடையில் வாளி போடவே ஆள் இல்லை. பின்சந்து செல்வமேரியை நினைவிருக்கும், கொத்தனார் சவுரிமுத்துவின் மனைவி. உன் கல்யாணத்தின்போது அண்டா அண்டாவாக இறைத்து நிரப்பியவள். அப்பா பின்கதவைத் திறந்து வைத்த நாளிலிருந்து அந்தச் சந்தே நம் கிணற்றில்தான் இறைத்தது. முதலில் அம்மா முணுமுணுத்தாள், அப்புறம் அவர்களோடு வம்பு பேசுவதற்காகவே கிணற்றடிக்குப் போக ஆரம்பித்தாள். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் அந்த வீட்டுத் தொட்டியை மற்றவர்கள் நிரப்ப வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். யார் வைத்த சட்டமோ, ஒருத்தரும் மீறியதில்லை. கிட்டுவின் பெரியவன் பிறந்தபோது நம் தொட்டியை நிரப்பியது செல்வமேரிதான்.

கிணறு வற்றிய பிறகு போர்க் குழாயில் பிடிக்க வந்தார்கள். கிட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. "லாரி ரொம்பினப்புறம் பிடிச்சுக்கோங்கோ" என்றான். லாரி நிரம்பிய பிறகு குழாயில் காற்றுதான் வரும். அதற்கு மேல் வந்தால் மஞ்சளாகக் கொஞ்சம் வரும். நாலு நாள் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அதே லாரி சந்து முனையில் நின்று ஹாரன் அடிக்கிறது. நம் வீட்டில் ஏற்றிய தண்ணீரைச் செல்வமேரி அங்கே போய்க் குடம் கணக்கில் வாங்குகிறாள். சும்மா இறைத்தால் உங்கள் நாட்டு வருமானக் கணக்கில் ஏறாது, விற்றால்தான் ஏறும் என்று ஒரு முறை எனக்குச் சொல்லிக் கொடுத்தாயே, அப்படிப் பார்த்தால் எங்கள் தெரு ரொம்ப வளர்ந்துவிட்டது.

போன வாரம் உன் இலாகா மாதிரி ஏதோ ஒன்றிலிருந்து சுப்பராயலு என்று ஒருவர் குடும்பச் செலவைக் கணக்கெடுக்க வந்தார். பாவம், நல்ல வெயில். செல்வமேரி வீட்டுக்குத் துணையாக என்னையும் அழைத்துப் போனார். தண்ணீர்ச் செலவைக் கேட்டதும், "தண்ணிக்கே இவ்ளோ செலவு பண்றீங்களா, அப்போ வசதிதான்" என்றார் சிரித்துக்கொண்டே. அவளுக்கு வந்ததே கோபம். "இன்னா சார் பேசற நீ? செலவு பண்ணா வசதியா? பொண்ணு மாசமா வந்துகீது, தண்ணி இல்லாம எப்டி சார்? கறி மீனு நிறுத்திட்டுத்தான் இத்த வாங்கிகினு கீறோம்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். மீன் வாங்காததை எழுத அவரிடம் இடம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

கிட்டுவிடம் பேசிப் பார்த்தேன். "ஊர்ல யார்தான் விக்கலை? நாம நிறுத்தினா பக்கத்துத் தெருக்காரன் உறிஞ்சிண்டு போவான். உனக்கென்ன, முதல் தேதியானா சம்பளம் வரது" என்றான். முதல் போரே உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டது, பருப்பு வேக மாட்டேன் என்கிறது. அதனால்தான் இன்னும் ஆழம் போக வேண்டும் என்கிறான். அதுவும் உப்பானால் என்ன செய்வாய் என்று கேட்டால், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்கிறோம். யாராவது கூப்பிடுவதற்குள் இதோடு நிறுத்துகிறேன்.

18-5-1993, செவ்வாய்

நேற்றே தபாலில் சேர்த்திருப்பேன். நல்ல வேளை, சேர்க்கவில்லை.

நேற்றுக் காலை செல்வமேரியின் பெண் அருள்மேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம், இன்று வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எனக்குக் கேட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. லாரி வருவதற்கு முன்பே மோட்டாரைப் போட்டு இரண்டு குடம் பிடித்தேன். கிட்டு பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகப் பின்கதவு வழியாகப் போனேன். எனக்கு ஏது பழக்கம், பாதி புடவையில்தான் கொட்டியது. சந்தில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

செல்வமேரி வெளியே வந்தாள். குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எவ்ளோ டீச்சர்?" என்று கேட்டாள்.

குத்திக் காட்டுவதற்காகக் கேட்டிருந்தால் திட்டட்டும் என்று வாங்கிக்கொண்டிருப்பேன். அப்படிக் கேட்கவில்லை. சாதாரணமாக, லாரிக்காரனிடம் கேட்கிற மாதிரி, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். நான் "என்ன செல்வமேரி இது, பிரசவ வீடு" என்றேன். அவளுக்குச் சட்டென்று நினைவு வந்து முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மறந்துட்டேன் டீச்சர்" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே நின்று அழுதோம். உள்ளே குழந்தை அழுததால் அவள் போய்விட்டாள்.

நீ கேட்ட நாலு வரிக்கு இதுதான் அண்ணா என் பதில். இதை எந்த அளவுகோலால் அளப்பாயோ எனக்குத் தெரியாது, நீ படித்தவன். தண்ணீர் இன்னும் கொஞ்சம் மழை பெய்தால் ஊறினாலும் ஊறும். அவள் மறந்தது ஊறுமா என்றுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிட்டுவுக்கு வேறு ஏதாவது வழி செய்ய வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் புதிதாகத் தொழிற்சாலைகள் வருகின்றன, உனக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் எழுது. அதுவரை என் சம்பளத்தில் நாங்கள் சாப்பிடுகிறோம். அவனுக்கு ரோஷம் வரும், வரட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பத்திரத்தில் உன் கையெழுத்துக்குக் கீழே மூன்றாவதாக என் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறான் கிட்டு. என்னிடம் யாரும் கேட்கவில்லை. "அண்ணா போட்டா ரமா போட்டுடுவா" என்று பாங்கில் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் தப்பில்லை. படிப்பாகட்டும், வேலையாகட்டும், கல்யாணம் வேண்டாம் என்று இருந்ததாகட்டும், உன்னைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை. நீ சொல்லி நான் மறுத்ததும் இல்லை.

இந்த ஒரு தடவை மறுப்பேன். நீ போட்டாலும் நான் போட மாட்டேன். அதற்கு முன்னால் நீயே வேண்டாம் என்று எழுதிவிடு, அண்ணா. இத்தனை வயதுக்கு மேல் உன்னை எதிர்த்து நிற்கும்படி என்னை விட்டுவிடாதே. பெருமாள் உங்கள் எல்லோரையும் நன்றாக வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
ரமா