விழுப்புரம் என்று கூப்பிட்டேன்

திண்டிவனம்,
2.12.2025

அன்பு அண்ணி லூர்துமேரிக்கு, உங்கள் வீட்டுக்காரருடன் போர்க்கப்பலில் வேலை பார்த்த இருதயராஜ் தோத்திரம் சொல்லி எழுதுவது.

நலம் என்று எழுதக் கை வரவில்லை. என் வீட்டுக்காரி ராஜாமணி ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பையன் மணிமாறன் பெங்களூரில். பீரங்கிச் சத்தத்தில் போன காது, போனில் அவன் பேசுவது பாதிதான் விழுகிறது. நாள் முழுக்க டி.வி.யோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு யாரோடு போட?

அண்ணி, எழுபத்தொன்று யுத்தத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்லாமல் வைத்திருக்கிறேன். கப்பலில் அண்ணனுக்கும் எனக்கும் இருதயராஜ் என்று ஒரே பெயர். குழப்பம் வேண்டாமென்று அண்ணனை ‘விழுப்புரம்’ என்பார்கள், என்னைத் ‘திண்டிவனம்’. நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். கப்பல் அடிபட்டு மூழ்கியபோது இருவரும் ஒரே பலகையைப் பிடித்திருந்தோம். தண்ணீரெல்லாம் எண்ணெய், கண் எரிந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் அவர் இல்லை. விழுப்புரம், விழுப்புரம் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஆஸ்பத்திரியிலும் காய்ச்சலில் அதையேதான் பிதற்றியிருக்கிறேன். அங்கிருந்த வடக்கத்தி ஆள் அதை என் ஊர் என்று எடுத்துக்கொண்டான். பட்டியலில் விழுப்புரம் இருதயராஜின் விலாசத்தைத் தேடிப் பிடித்து, ‘பிழைத்துவிட்டேன்’ என்று உங்களுக்குத் தந்தி அடித்துவிட்டான். நீங்கள் தெருவுக்கே பாயசம் கொடுத்தீர்களாம். ஒன்பதாம் நாள்தான் சரியான தந்தி வந்தது.

ஜனவரியில் உங்களைப் பார்க்க வந்தேன். என் இரண்டு கையிலும் கட்டு. காப்பி டம்ளரை நீங்களே பிடித்துக் குடிக்க வைத்தீர்கள். “பொய்த் தந்தி அடிச்சவன் கை வெளங்குமா தம்பி? ஒம்போது நாளு பூ வெச்சிக்கினு திரிஞ்சேனே!” என்று அழுதீர்கள். என்னால் வந்த வினை என்று சொல்ல வாய் வரவில்லை. கோழைப் பயல் நான். பிறகு உங்கள் வாசலையே மிதிக்கவில்லை. ஐம்பத்துநாலு வருஷம் ஓடிவிட்டது.

ராஜாமணிக்கு மட்டும் தெரியும். “அவங்க நாலு வார்த்த திட்னாலும் வாங்கிக்கினு வாய்யா” என்பாள். கேட்டேனா?

பதினாலாம் தேதி ஞாயிறன்று அண்ணனுக்கு நினைவுப் பூசை வைக்கிறீர்களாம். வரட்டுமா அண்ணி? திட்டுங்கள், வெளியிலேயே நிற்க வையுங்கள். ஆனால் வா என்று ஒரு வரி போடுங்கள். கப்பலில் எங்களோடு இருந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நான் அழுதால் அது யாருக்காக என்று தெரிந்தவர் இனி நீங்கள் ஒருவர்தான்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி முறை,
இருதயராஜ்